முடிச்சில்லாத மாலை

பெட்டி வந்துரும்மா, பதறாத. ஹொனலூலுவுல ஏத்த மறந்திருப்பாங்க, அடுத்த பிளேன்ல போட்டு விடுவாங்க. இப்படி உக்காரு. நானும் அந்தப் பிளேனுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.

என்ன, ஊரு பூராக் கருங்கல்லாக் கெடக்கேன்னு பாக்குறியா? இறங்குற எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. லீவுக்குன்னு வந்து சுடுகாட்டுல இறங்கிட்டோமோன்னு முழிப்பாங்க. இந்தத் தீவுல எரிமலை கக்கிக் காஞ்ச கல்லும்மா. இத வெச்சு முடிவு பண்ணிராத. மேல வைமேயா ஊர்ப் பக்கம் போ, பச்சப்பசேல்னு புல்லும் மாடும், ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியாது. தீவோட அந்தப் பக்கம் ஹிலோவுலயா, குடைய மடக்கவே விடாது மழை. மலை உச்சியில பனி. எங்க ஆளுங்க அந்தப் பனிய வண்டியில அள்ளிட்டு வந்து கடற்கரையில பொம்மை செய்வாங்க. எம்மவன் சின்னதுல, வீடு வர்றதுக்குள்ள கரைஞ்சிருச்சுன்னு புரண்டு அழுதான்.

ஆமா, ஒரே மகன். அலிகா. லாஸ் வேகஸ்ல இருக்கான். இங்க வீட்டு வாடகை யாருக்கும்மா கட்டுப்படியாகுது? எங்க சனத்துல பாதி அங்கதான். போறப்ப எனக்கும் அவனுக்கும் வார்த்தை தடிச்சுப்போச்சு. அதோட சரி, போன்கூட இல்ல.

வேலையா? இதான். சுத்திப் பாக்க வர்றவங்க கம்பெனிக்குப் பணம் கட்டியிருந்தா, பேரெழுதின அட்டையப் புடிச்சு நின்னு, கழுத்துல மாலை போட்டு வரவேற்கணும். அதெல்லாம் பெட்டியில வர்ற பூ. என் கையில இருக்கிற இந்த ரெண்டு மாலையும் எங்க வீட்டு மரத்துப் பூ, நான் கோத்தது.

இந்த ஒண்ணுல முடிச்சுப் போட மறக்கலம்மா. நல்லாத்தான் கவனிச்சிருக்க. புள்ளத்தாச்சிக்கு மூடின மாலை போட மாட்டோம். கொடி புள்ள கழுத்தச் சுத்திக்கும்னு பயம். ரெண்டு முனையையும் தொங்க விட்டுருவோம். வெளியூர்க்காரங்களுக்கு இது எங்க தெரியும்? ஒருத்தரும் கேட்டதில்ல. போன வாரம் மேனேஜர் சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னாரு. யாரோ போன் பண்ணி, பொண்டாட்டிக்கு முடிச்சில்லாத மாலைதான் வேணும், மறந்துராதீங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னானாம். யாருன்னு கேட்டேன்.

என் சட்டையில குத்தியிருக்கிற பேரும் அட்டையில இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கேன்னு பாக்குறியா? குடும்பப் பேரும்மா அது. நான் இங்க வேலைக்கு வந்தது அலிகாவுக்குத் தெரியாது. அவன் வர்றதும், எனக்குப் பேரப்புள்ள வரப்போறதும், கம்பெனிக்குத்தான் மொதல்ல தெரிஞ்சுது. மனசு வலிக்கத்தான் செய்யுது. ஆனா நான் சொல்லிக் குடுத்தத மறக்கல பாரு.

அந்தா, இறங்கிருச்சு. ஒரு உதவி பண்றியா? அட்டையையும் இந்த முடிச்சில்லாத மாலையையும் நீ வாங்கிக்கோ. என்னப் பாத்து அவன் முகத்தத் திருப்பிக்கிட்டான்னா, வயித்துப் புள்ளையோட நிக்கிறவளுக்கு மாலை போட ஒரு ஆள் வேணுமில்ல.