சுயோக் பெயரால் தீ மூட்டாதீர்கள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சர்க்கரை ஆலைத் தலைவர் அண்ணாசாகேப் அவர்களே! தலைமைப் பொறியாளர் தேசிங்கே சாகேப் அவர்களே! முன்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருக்கும், சுயோக்கைப் பெற்றவரும் எங்களுக்குச் சித்தி முறையுமான சுமித்ரா காக்கு அவர்களே! கரியும் கிரீஸுமாக அப்படியே வந்திருக்கும் மிஸ்திரிகளே! 'இவன் இன்னைக்கு என்ன சேட்டை பண்ணப்போறானோ' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சித் தோழர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

சேட்டை ஒன்றும் இல்லை. என் சேட்டைக்கு முதலில் சிரிக்கிறவன் மாலை போட்ட படத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டான்.

திட்டப் பிரிவுப் பயிற்சிப் பொறியாளர் சுயோக் மகதூம்! பத்தொன்பது வயதுக்காரனுக்கு எவ்வளவு நீளமான பட்டம்! அவனும் நானும் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒரே நாளில் இந்த ஆலைக்குள் நுழைந்தோம். கரும்பு அரைக்காத மாதங்களில் ஆலையைப் பிரித்துப் பழுது பார்த்து மறுபடி பூட்ட வேண்டும். அந்த வேலையைத் திட்டமிடக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்களை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள்.

நான் என்ன கற்றேன்? கேன்டீனில் காரக் குழம்பில் மிதக்கும் கட்வடா எப்போது சூடாக வரும் என்று கற்றேன். அவன் என்ன கற்றான்? எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்று கற்றான்! இச்சல்கரஞ்சியில் தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளை அல்லவா? சுவர் முழுக்க வேலைக்கு ஓர் அட்டை ஒட்டி, அட்டைக்கு அட்டை நூல் கட்டிவிட்டான். "டேய், இங்க இருக்கிற சிலந்தி வாடகை கேக்கும்டா" என்றேன். "கேக்கட்டும். எந்த நூல் அறுந்தா எது நிக்கும்னு அதுக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா?" என்றான். என் வாயை அடைத்தவன் இந்த மாவட்டத்திலேயே அவன் ஒருவன்தான்!

ஒரு நாள் கேன்டீன் கதவில் கல்யாணப் பத்திரிகை ஒன்று தொங்கியது. மணமகள் பாய்லர், மணமகன் நீராவி வால்வு. நாள், பாய்லருக்குத் தீ மூட்டத் தலைவர் குறித்த தசரா. 'குறிப்பு: மாப்பிள்ளை இன்னும் டவுன் லேத் பட்டறையில் இருக்கிறார்.' எழுதியது யார் என்று சொல்ல வேண்டுமா? தேசிங்கே சாகேப்கூடச் சிரித்தார். சுயோக் மட்டும் பத்திரிகையைக் கழற்றிக்கொண்டு நேரே தலைவர் அறைக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

"தலைவரே, பாய்லர்ல குழாயெல்லாம் மாத்தியிருக்கோம். தண்ணிய நிரப்பி அழுத்திப் பார்க்காம தீ வைக்கக்கூடாது. அழுத்திப் பார்க்க வால்வு வேணும். வால்வோட தண்டு பட்டறையில கிடக்கு. தசராவத் தள்ளி வைங்க."

"தசராவ நான் எங்கடா தள்ளுறது? பஞ்சாங்கக்காரனா நான்? நாம நாலு நாள் பிந்தினா விவசாயி கரும்ப பக்கத்து ஆலைக்கு ஏத்திருவான். ஆயிடும், போ."

தலைவர் சொன்னது பொய்யில்லை. கரும்பு போனால் நம் எல்லோர் அடுப்பும் அணையும். ஆனால் 'ஆயிடும்' என்று சொன்னால் ஆகிவிடுமா? கெடு வைத்தோம், வேலை கெட்டதே!

அதனால்தான் அவனே போனான். கொட்டும் மழையில், சொந்த பைக்கில், அந்தத் தண்டை வாங்கிவரப் போனான். வாங்கியும் விட்டான்! திரும்பும் வழியில்தான் லாரி. போலீஸ் அவன் பையையும் தண்டையும் எங்களிடம் கொடுத்தது. தண்டு வளைந்திருந்தது. ஐயோ, வளையாத பயல், அவன் கொண்டுவந்த இரும்பு வளைந்து கிடந்தது!

இனி புதுத் தண்டு கடைய வேண்டும். பிறகு வால்வு, பிறகு தண்ணீர்ச் சோதனை, அதற்குப் பிறகே தீ. தசராவுக்குள் இது நடக்குமா? மனசாட்சியோடு சொல்லுங்கள், நடக்குமா?

சற்று முன் இதே ஒலிபெருக்கியில் தலைவர் அறிவித்தார்: 'சுயோக் நினைவாகக் குறித்த முகூர்த்தத்திலேயே பாய்லரை மூட்டுவோம், அவன் தாயார் கையால் முதல் தீ!' நீங்கள் கைதட்டினீர்கள். தலைவரே, அவன் எந்த நாளை மாற்றச் சொல்லிக் கெஞ்சினானோ, அந்த நாளையே அவனுக்கு அஞ்சலியாக வைக்கிறீர்களா? சோதிக்காத குழாய் வெடித்தால் எதிரே நிற்பது யார்? காக்குவும் மிஸ்திரிகளும் அல்லவா? ஒரு சாவுக்குக் கூடியிருக்கிறோம். அடுத்ததற்கும் இதே பந்தலா?

"டேய், போதும். கீழ இறங்கு."

இறங்குகிறேன் தேசிங்கே சாகேப். என்னை அனுப்புவதானால் அனுப்புங்கள். என் வேலை போனால் எங்கள் அப்பா நாலு அறை விடுவார், அது ஆறும். காக்கு, உங்கள் காலில் விழுகிறேன், தசராவன்று தீப்பந்தத்தை வாங்காதீர்கள். பிள்ளை பெயரைச் சொல்லி நீட்டினாலும் வாங்காதீர்கள்!

அழாதீர்கள் காக்கு. காக்குவுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் யாராவது.

தோழர்களே, அவன் வேலையைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். அது எப்படித் தொடரும்? அந்த அறையில் நான் ஒருவன்தான் மிச்சம். எந்த நூல் எங்கே போகிறது என்று எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ராத்திரி பகலாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் சொல்லித்தராமல் என்னால் முடியாது.

அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றதெல்லாம் போதும். ஒவ்வொரு பிரிவும் எழுந்து, என்ன முடியவில்லை என்று தலைவர் முன்னால் உரக்கச் சொல்லுங்கள். அதுதான் சுயோக்குக்கு நாம் செய்யும் மரியாதை. நான் தொடங்குகிறேன்.

திட்டப் பிரிவு. வால்வுத் தண்டு இல்லை. பாய்லருக்குத் தண்ணீர்ச் சோதனை நடக்கவில்லை.

ஷிராளே மிஸ்திரி, தலையைக் குனியாதீங்க. எழுந்திருங்க. உங்க பக்கம் என்ன பாக்கி?