வெளிச்சம் மட்டும் கேட்டவன்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, தரையிலும் வாசலிலும் நெருக்கியடித்து நிற்கும் தாயில்பட்டி மக்களே, முன்வரிசையில் மகனுக்காக அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் கருப்பம்மாள் அம்மா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பட்டாசுக் கம்பெனி அனுப்பிய அந்தப் பெரிய மலர்வளையத்துக்கும் ஒரு வணக்கம். ஆள் வரவில்லை, வளையம் வந்திருக்கிறது.

என் பெயர் அழகுமீனா. சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைக்கிறேன். வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் அஞ்சலி போஸ்டரும் என் கைவேலைதான். முனியராஜ் என்ற பெயருக்குக் கீழே ‘நேர்கதிரோனின் ஊழியர்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். கூட்டம் நடத்துகிறவர்கள் எடுக்கச் சொன்னார்கள். யாருக்கும் புரியாதாம். எடுத்துவிட்டேன். ஆனால் மைக்கில் எப்படி எடுப்பீர்கள்? நேர்கதிரோனின் ஊழியர் முனியராஜ்! இந்தப் பட்டத்தைச் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

நேர்கதிரோன் எந்தக் கோயிலிலும் இல்லாத சாமி. நான் உண்டாக்கிய சாமி. ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துக்கு லீவு. அதன் மாடியில் நாங்கள் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆட்டம் ஆடுவோம். நான் ஒரு கற்பனை ராஜ்யத்தைக் கதையாகச் சொல்வேன். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கல்யாண வயதில் இதென்ன விளையாட்டு என்று மேடையில் ஒருவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா. அந்த மேசையிலாவது நியாயம் என்று ஒன்று இருந்தது.

முனியராஜ் எடுத்த வேடம், சட்டத்துக்கும் நீதிக்கும் உரிய சூரியக் கடவுளின் ஊழியன். ‘உன் சாமி உனக்கு நெருப்பை ஏவுகிற சக்தி தருவார், வாங்கிக்கொள்’ என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டான். “தீ வேணாங்க்கா. வெளிச்சம் மட்டும் குடுங்க, போதும்.” பட்டாசு லோடு ஏற்றுகிற பிள்ளை வேறு என்ன கேட்பான்?

அந்தச் சாமிக்கு ஒரு சத்தியம் உண்டு. அதையும் அவனேதான் சொல்லிச் சொல்லி வடிவம் கொடுத்தான். ‘கண்டதைச் சொல்வேன். சொன்னதில் நிற்பேன். என் ஆள் என்று மறைக்க மாட்டேன். எதிராளி என்று கூட்டிச் சொல்ல மாட்டேன்.’ ஒவ்வொரு ஞாயிறும் இதைச் சொல்லாமல் அவன் பகடையைத் தொட்டதில்லை.

எங்கள் மேசையில் திருடன் வேடம் விக்னேஷ்வரனுக்கு. இதோ, அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறான். ஒரு ஆட்டத்தில் அவன் ஊர்க் களஞ்சியத்தில் கைவைத்துவிட்டான். பழி காவல்காரன் மேல் விழுந்தது, காவல்காரனைக் கட்டிவைத்தார்கள். நமக்கென்ன, புதையலைப் பார்த்துப் போவோம் என்றார்கள் எல்லோரும். இவன் மட்டும் அசையவில்லை. அரசன் முன்னால் போய், “களவாண்டது எங்க ஆளுதான்” என்று சொல்லிவிட்டான். விக்னேஷுக்கு வந்த கோபத்தில் பகடை மாடிப்படியில் உருண்டது. அதோடு விட்டானா? திருடனைச் சிறையில் போட்டதும் இவனும் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். “ஏலே, உன்னையக் காட்டிக்குடுத்தது நான். அங்கன தனியா விட்டுட்டு நான் எங்க போக?” என்றான். அப்படிப்பட்ட ஊழியன் அவன்!

விளையாட்டு முடிந்தது. இனி நிஜத்துக்கு வருகிறேன்.

அச்சங்குளம் பக்கம் நடந்த வெடிவிபத்து உங்களுக்கு மறந்திருக்காது. சீசன் நேரம். கொதிக்கிற மதியம். அறையில் இடம் போதாமல் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வெடிக்குள் மருந்து செலுத்தச் சொன்னார்கள். ஃபோர்மேன் செல்லச்சாமி அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். “இந்த வெயில்ல மருந்தத் தொட வேணாம்யா, ஆளுகள அனுப்பிருவோம்.” கம்பெனிக்காரர்கள் சொன்ன பதில் என்ன தெரியுமா? “லோடு நாளைக்குக் கிளம்பணும். முடியாதுன்னா நீ கிளம்பு.” கொஞ்ச நேரத்தில் மரமும் இல்லை, செல்லச்சாமி அண்ணனும் இல்லை, கூட இருந்த மூன்று பெண்களும் இல்லை. வழக்கில் என்ன எழுதினார்கள்? ஃபோர்மேனின் கவனக்குறைவு! செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

அந்தப் பேச்சைக் காதால் கேட்டு உயிரோடு இருந்தவர்கள் இரண்டே பேர். லாரியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த முனியராஜும் விக்னேஷும். முனியராஜ் கண்டதைச் சொல்வேன் என்றான். எம். புதுப்பட்டி வரைக்கும் எந்தக் கம்பெனியும் அவனைக் கேட்டுக்குள் விடவில்லை. கான்கிரீட் வேலைக்குப் போனான். விக்னேஷ் எதுவும் சொல்லவில்லை. அவன் இப்போது அதே கம்பெனியில் சூப்பர்வைசர்.

கோர்ட்டில் சாட்சி கூப்பிட்ட நாளெல்லாம் முனியராஜ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். ஒரு நாள் வக்கீல் வரவில்லை. ஒரு நாள் ஃபைல் வரவில்லை. ஒரு நாள் யாருமே வரவில்லை. வாய்தா, வாய்தா, வாய்தா! போன மாதமும் அதே கதைதான். உச்சிவெயிலில் திரும்பி வந்தவன் ஊருக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் வண்டியோடு சாய்ந்தான். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ‘வெயில் கொடுமை’ என்றீர்கள். வெயிலை மட்டுமே சொன்னீர்கள். அவனைத் திரும்பத் திரும்ப அந்த வெயிலில் அலையவிட்டது யார் என்று ஒருவர் வாயிலாவது வந்ததா?

சூரியனுக்கும் சட்டத்துக்கும் ஊழியம் செய்தான். இரண்டும் சேர்ந்து அவனை முடித்துவிட்டன. நான் உண்டாக்கிய சாமி மேசையில் கூப்பிட்டால் வந்தது. வெளியே வரவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை. கடைசிவரை சாட்சிக் கூண்டில் ஏறி ஒரு வார்த்தை பேச அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லையே!

செல்லச்சாமி அண்ணனின் மனைவி சண்முகத்தாய் அக்கா இங்கே வந்திருக்கிறார். புருஷனையும் பறிகொடுத்து, மூணு பேரைக் கொன்றவன் பெண்டாட்டி என்ற பேரையும் அவர் சுமக்கிறார். அந்தப் பேரைத் துடைக்க இனி ஒரே வாய்தான் மிச்சம்.

விக்னேஷ், உன்னை அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நான் திட்டினாலும் தடுப்பான். “அவனுக்குச் சின்னப் பிள்ளைக இருக்குக்கா. பயம் தெளியட்டும், அவனே வருவான், பாருங்க.” அவன் அந்தச் சாமியின் ஊழியன், பொறுத்தான். நான் அந்தச் சாமியை உண்டாக்கியவள் மட்டும்தான். அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது. உன் பயம் தெளிவதற்குள் அவன் ஆயுசு முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் சட்டைப்பையில் இருந்தது இது. லேபிள் கழிவில் நான் வெட்டிக்கொடுத்த தங்கத்தாள் சூரியன். எங்கள் ஆட்டத்தில் ஊழியன் ஒருவன் விழுந்தால் மேசையில் இருக்கிற வேறொருவர் இதை எடுத்துக்கொள்ள வேண்டும், சத்தியமும் அவரைச் சேரும். நான் எடுத்துப் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கு அந்த மரத்தடியில் நான் இல்லை. காணாததை நான் எப்படிச் சொல்ல?

அவன் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் எல்லோரும் உறுதி எடுத்தீர்கள். என்னால் எடுக்க முடிந்த உறுதி சிறியது. திங்கட்கிழமை மறுபடி வாய்தா. காலையில் என் ஸ்கூட்டரோடு தாயில்பட்டி விலக்கில் நிற்பேன். அன்றைக்கு மட்டுமில்லை, இந்த வழக்கு முடிகிறவரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் நிற்பேன். இன்னொரு ஹெல்மெட் கொண்டுவருவேன், அதற்குள் இந்தச் சூரியனை வைத்திருப்பேன்.

தூணைப் பிடித்துக்கொண்டு நிற்காதே விக்னேஷ். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு.