கணினியில் போட்ட மாலை

என் பெயர் வீரமலை, தகப்பனார் பெயர் பெரியண்ணன், வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் தொட்டியம். தற்போது திருச்சி காட்டூரில் மனைவி விஜயராணி, மகள் சுபலட்சுமி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். பத்தாம் வகுப்பிலும் உட்கார்ந்தேன், ஆனால் அதைப் படிப்பு என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. இன்று நீதிமன்றத்தில் அடையாள அட்டை கேட்டபோது, என் ஆதார் அட்டையை மகள் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருப்பதால் டிரைவிங் லைசென்ஸைக் கொடுத்தேன். அதிலுள்ள படத்தில் எனக்கு மீசை இல்லை, தலையில் முடி இருக்கிறது. எழுத்தர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் என் அப்பாதான் என்று என் மகள் வந்து சொன்ன பிறகே உள்ளே விட்டார்கள்.

இவ்வழக்கின் எதிரி சுரேஷ்குமார் ஸ்ரீரங்கத்தில் பிளெக்ஸ் அச்சடிக்கும் கடை நடத்தி வந்தவர். அவருக்கும் எனக்கும் முன்விரோதம் எதுவும் இல்லை.

என் மகள் சட்டம் படித்து, உதவி அரசு வழக்கறிஞர் வேலைக்கான தேர்வில் சென்ற ஆண்டு தேர்ச்சி பெற்றாள். எங்கள் வகையறாவில் கோர்ட்டுக்குள் போய் வந்தவர்கள் பலர் உண்டு, கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனவர் யாரும் இல்லை. என் மனைவியின் தம்பி ரெங்கராஜ் மட்டும், "பரீட்சை எழுதுன எல்லாரும் பாஸுன்னுதான் சொல்லுவாங்க மச்சான்" என்று மண்டியில் நாலு பேர் முன்னிலையில் சொன்னார். அதன் பிறகு நான் சுரேஷ்குமார் கடைக்குப் போய், மார்க்கெட் வாசலில் கட்டுவதற்குப் பெரிய பிளெக்ஸ் ஒன்று வேண்டும், அதில் மகளின் பிறந்த தேதி, ஹால் டிக்கெட் எண் உட்பட ஆதாரம் எல்லாம் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் நல்ல படமும் விவரமும் கேட்டார். போனில் எது படம், எது பத்திரம் என்று பிரிக்கத் தெரியாமல், மகள் விண்ணப்பத்துக்காக என் போனில் வைத்திருந்த ஆதார், பான் கார்டு, மதிப்பெண் சான்று, கையெழுத்து ஆகிய எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எல்லாவற்றையுமே எடுத்துக்கொண்டார். இதற்கு என் மகளின் சம்மதத்தை நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியவும் தெரியாது.

அதன் பிறகு பிளெக்ஸ் கட்டப்பட்டது. அதில் என் படம் பெரியதாகவும் மகளின் படம் சிறியதாகவும் இருந்தன. மார்க்கெட்டில் இலைக்கட்டு விற்கும் காளியாயி, "ஏன் மொதலாளி, பாஸ் பண்ணது பாப்பாவா, நீங்களா?" என்று கேட்டார். நான் அனுப்பிய படத்தில் மகள் கழுத்தில் ஒன்றும் இல்லை. பிளெக்ஸில் ரோஜா மாலை இருந்தது. அது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களுக்கு வைத்திருக்கும் மாலை என்றும், அதைத்தான் கணினியில் எடுத்துப் போட்டதாகவும் சுரேஷ்குமாரே என்னிடம் சொன்னார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "உசுரோட இருக்கற புள்ளைக்கு மாலை போட்டுத் தொங்க விட்டிருக்கீங்களே, உங்களுக்கு அறிவு இருக்கா?" என்று கேட்டாள். மகள் வந்து பார்த்ததும் வெங்காய மூட்டை மேல் ஏறித் தானே கயிற்றை அறுத்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து வடமாநிலப் போலீசிடமிருந்து மகள் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. பலரை ஏமாற்றிய பணம் ஒரு வங்கிக் கணக்கு வழியாகப் போயிருப்பதாகவும் அந்தக் கணக்கு அவள் பெயரில் இருப்பதாகவும் அதில் கண்டிருந்தது. அதே சமயம் வேலைக்கான போலீஸ் விசாரணையில் அவள் பெயருக்கு எதிரே வழக்கு நிலுவை என்று எழுதப்பட்டு, பணி ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. கூடத் தேர்வானவர்கள் எந்த ஊர் கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தபோது இவள் வங்கிக்கும் சைபர் கிரைம் நிலையத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். நானும் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலுடன் போய் வந்தேன்.

வங்கியில் கணக்குத் தொடங்கக் கொடுத்த படத்தைக் காட்டினார்கள். முகம் என் மகளுடையது, தோளோரத்தில் இரண்டு ரோஜாப் பூ மிச்சம் இருந்தது. மாலையை வெட்டியவர்கள் முழுக்க வெட்டவில்லை. எந்த மனுஷி தோளில் பூவோடு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பாள் என்று வங்கியில் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பூவை நான் அடையாளம் காட்டினேன். அதன் பிறகு சைபர் கிரைம் ஆய்வாளர் திருமதி டெல்பின் அவர்கள் சுரேஷ்குமார் கடைக் கணினியைக் கைப்பற்றினார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று பிளெக்ஸ் அடிக்க வந்த பலருடைய அட்டைகளும் அதில் அப்படியே இருந்தன. அவற்றைச் சுரேஷ்குமார் வெளியூர் ஆட்களுக்கு விற்று வந்ததாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆய்வாளர் என் மகளிடம், "உங்க ஒருத்தருக்கு மட்டும்னா, உங்க மேல குத்தமில்லைன்னு இன்னைக்கே லெட்டர் குடுத்துடறேன் வக்கீலம்மா, வேலை லிஸ்ட் போறதுக்குள்ள சேர்ந்துடும்" என்றார்.

என் மகள், "மத்தவங்களுக்கு மேடம்?" என்று கேட்டாள்.

"அவங்க யாருக்கும் விஷயமே தெரியாதும்மா. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விசாரிச்சு முடிக்க நாளாகும்."

"அப்ப எனக்கும் நாளாகட்டும்."

நான் வெளியே வந்ததும் அவளிடம், "உனக்கு மொதல்ல வாங்கிக்கம்மா, அப்புறம் ஊருக்குப் பாரு" என்று கெஞ்சினேன். அதற்கு அவள், "நான் போய் உக்காரப் போறது அரசு வக்கீல் நாற்காலிப்பா. மொத நாளே க்யூவுல பூந்து போகச் சொல்றீங்களா? திருடுனவனை உள்ள தள்ள சட்டம் இருக்கு. திருட்டுக் குடுத்தவங்க, நான் அவன் இல்லைன்னு காட்ட ஒரு சீட்டு இல்ல. ஆபீஸ் ஆபீஸா அவங்களே அழணும்" என்றாள். மண்டியில் தார் அழுகியிருந்தால் ஏற்றியவன்தான் பதில் சொல்ல வேண்டும், இறக்கியவனைப் பிடித்து உலுக்க மாட்டோம் என்று நான் சொன்னேன். "அதேதாம்பா, அதைத்தான் சட்டத் தமிழ்ல எழுதப் போறேன்" என்றாள்.

அதன் பிறகு அவள் அரசுக்கு ஒரு கோரிக்கை மனு எழுதினாள். ஜெராக்ஸ் கடை, பிளெக்ஸ் கடை எதுவானாலும் வேலை முடிந்ததும் வாங்கிய அட்டைகளை அழித்தாக வேண்டும், பொய்க் கணக்கு என்று புகார் வந்தால் அது உண்மையான கணக்குத்தான் என்று அதைத் திறந்த வங்கிதான் நிரூபிக்க வேண்டும், அடையாளம் திருடு போனவருக்குப் போலீஸ் ஒரே ஒரு சான்று கொடுத்து அதை எல்லா அலுவலகமும் ஏற்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தாள். மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருக்கிறது. இதற்கிடையில் வேலைக்கான முதல் பட்டியல் வெளியானது. அதில் என் மகள் பெயர் இல்லை. அன்று அவள் சாப்பிட்டுவிட்டு, கணினியில் அட்டை இருந்தவர்களுக்குப் போன் செய்து, நிலையத்துக்கு எந்தப் பேருந்தில் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் அவர்கள் மேலதிகாரியிடம் அனுமதி பெற்று, விசாரித்த எல்லோருக்கும், இவர் குற்றவாளி அல்லர், இவருடைய அடையாளம் திருடப்பட்டது என்று முத்திரையிட்ட கடிதம் கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த நாளில் நிலையத்தில் உட்கார இடமில்லை. என் மகள் ஒவ்வொருவரையும் அருகில் அழைத்து, கடிதத்தை எங்கே காட்ட வேண்டும், எங்கே நகல் மட்டும் கொடுக்க வேண்டும், நகலின் குறுக்கே என்ன காரியத்துக்கு என்று எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். தன் கடிதத்தைக் கடைசியாக வாங்கினாள். அடுத்த பட்டியலுக்கு அந்தக் கடிதத்துடன் இந்த வாக்குமூலத்தின் நகலும் தேவை என்பதால் இதைத் தெளிவாகச் சொல்கிறேன்: படத்தையும் அட்டைகளையும் கொடுத்தது நான், மாலை போட்டது சுரேஷ்குமார், என் மகளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அன்று என் பக்கத்தில் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த சத்யபாமா என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். காலமான அவருடைய கணவருக்கு அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கொடுத்த அட்டையை வைத்து யாரோ கடன் வாங்கியிருந்தார்கள். அவர் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்காத்துக்காரர் பேரைச் சொல்லிண்டு இனிமே ஒருத்தனும் வாசல்ல வந்து நிக்க மாட்டான். பெருமாளா பார்த்து அனுப்பினாப்ல இருக்கா. அந்தப் பொண்ணு யாரு, உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"வக்கீலுங்க" என்றேன்.

இதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, யாருடைய தூண்டுதலும் இல்லை, அத்தனையும் உண்மை. அந்த அம்மாளிடம் வாய் வரை வந்தும் நான் சொல்லாமல் விட்டது, அது என் மகள் என்பது மட்டுமே.

(ஒப்பம்) பெ. வீரமலை