கப்பு வைக்க அலமாரி

சவுதியின் ஜுபைலில், கேம்பிலிருந்து சைட்டுக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு தூத்துக்குடிக்காரர்கள், ஒரே காலேஜில் பாஸ்கெட்பால் ஆடியவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"புதுக் கோச் வந்து நாலு நாள் ஆகல. அதுக்குள்ள காலேஜுக்குக் கப்பு வைக்க அலமாரி ஆர்டர் கொடுத்திருக்கியேலே, ஸ்டீபா?"

இதைக் கேட்டதும் நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன்.

"பின்ன? நம்மகூட ஆடுனவன்லா கோச். இந்த வருஷம் கப்பு வரலன்னா அவன் பொட்டியக் கட்டட்டும்னு நம்ம பழைய டீம் வாட்ஸப் குரூப்புல வாய்ஸ் போட்டுட்டேன்."

"வரவேற்புன்னு சொல்லி அவனையும் நேத்தே குரூப்புல சேத்தாச்சு."

ஸ்டீபன் அவசரமாகப் போனை எடுத்தார்.

"கேட்டுட்டானா?"

"கேட்டுட்டான். எனக்குத் தனியா மெசேஜ் போட்டிருக்கான்."

"கோவமா இருக்கானா? வாசிலே."

"'ஃபைனல்ல ஸ்டீபன் கடைசி ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டு நாம தோத்தப்போ, யாரும் அவனை ஒரு வார்த்தை கேக்கல. என் டீம் பிள்ளைகளையும் அப்படியே விட்டாப் போதும்.'"

பஸ் கேட்டில் நின்றது. எல்லோரும் எழுந்தார்கள், ஸ்டீபன் எழவில்லை.

"அப்ப அந்த அலமாரி, ஸ்டீபா?"

"வரட்டும்லே. பிள்ளைங்க பந்து வச்சுக்கிடட்டும்."