பந்துக்காரி கூப்பிட்டா மட்டும் திரும்புறார்

இருங்கம்மா, காது டெஸ்ட்டு ரிசல்ட்டை அப்புறம் சொல்லுங்க. முதல்ல அந்தக் கதவு வழியா எட்டிப் பாருங்க. எங்க வீட்டுக்காரர் எப்படிச் சிரிக்கிறார்னு பாத்தீங்களா? பக்கத்துல நிக்கிறாளே, உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கிற பொண்ணு, ரப்பர் பந்தைக் கையில குடுத்து அமுக்கச் சொல்லுவா. நான் வெச்ச பேரு பந்துக்காரி.

மூளைக்காய்ச்சல்ல பதினாலு நாள் ஊசி மருந்து ஏறுச்சு. துடைச்சு விட்டது நான், ஸ்பூன்ல ஊட்டினது நான். நெனவு வந்து முதல்ல பேசினது யார்கிட்டங்கிறீங்க? அவகிட்ட. பந்து விழுந்துடுச்சுன்னு சொன்னாராம்.

ஆமாம்மா, பொறாமைதான். வயிறு எரியுது, மறைச்சு என்ன ஆகப்போகுது? பொழைச்சா போதும்னு கெடந்தவளும் நான்தான். இப்ப பொழைச்சு வந்து அவகிட்ட சிரிச்சா எனக்குப் பொறுக்கல. நான் பேசினா சுவத்தைப் பாக்குறார், அவ கூப்பிட்டா தலை தானா திரும்புது.

என்னது, இடது காது சுத்தமா போயிடுச்சா? இந்தக் காய்ச்சலே அப்படித்தானா? மூளையைச் சுத்தி இருக்கிற உறையிலேருந்து உள்காது வரைக்கும் போயிடுமா. சரி. திரும்ப வராதா. சீக்கிரம் கூட்டிட்டு வந்திருந்தா தப்பிச்சிருக்குமா? உறுதியா சொல்ல முடியாதுங்கிறீங்க. சரி சரி.

அழலைம்மா. வார்டுல வலப்பக்கம் மருந்து பாட்டில் தொங்குற கம்பி நின்னுச்சு, அதனால என் ஸ்டூல் இடப்பக்கம். அவ வந்தா கம்பியைத் தள்ளி வெச்சுட்டு வலப்பக்கம் நிப்பா. வீட்டுலயும் நான் இடப்பக்கம்தான் படுப்பேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி ஒருக்களிச்சுப் படுப்பார், நல்ல காது தலையணையில. மூணு வாரமா தெனமும் இந்த இடது காதுலதான் மெதுவா சொல்லிக்கிட்டிருந்தேன். பதிலே வராது. மன்னிக்க மனசில்ல போலிருக்கு, சிரிப்பெல்லாம் அவளுக்கு மட்டும்தான்னு இன்னும் கொதிப்பேன்.

என்ன சொன்னேனா? ஒண்ணுமில்லம்மா. காய்ச்சல் வந்த அன்னிக்கு என் தம்பியோட புதுக்கடை திறப்பு. தம்பி வீட்டு விசேஷம்னாலே இவருக்கு ஒரு தலைவலி வந்துடும், எத்தனை தடவை பாத்திருக்கேன். அன்னிக்கும் தலை வெடிக்குது, கழுத்தை அசைக்க முடியல, லைட்டை அணைன்னார். நடிக்காதீங்கன்னு மாத்திரையைக் கையில திணிச்சுட்டு, லைட்டைக்கூட அணைக்காம நான் மட்டும் கிளம்பிப் போயிட்டேன். சாயங்காலம் வந்தா தரையெல்லாம் வாந்தி, நீ யாருன்னு கேக்குறார். அந்த நாள் எதுவுமே அவருக்கு ஞாபகமில்ல. நானா சொன்னாத்தான் உண்டு.

இனிமே வலப்பக்கம் உக்காந்து பேசணுமா. பேசுறேன். இதையும் அங்க உக்காந்து சொல்லலாம்தான். ஆனா அந்தப் பக்கம் சொன்னா கேட்டுடுமேம்மா.