பேசினுக்குள் ஆமை

அச்சுவேலியில் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஒரு தாயும் மகளும் ஏறி இருந்தார்கள். மகளின் மடியில் ஒரு பிளாஸ்ரிக் பேசின், அதற்குள் பெரிய ஆமை.

"உது வீட்டிலை இருந்தால் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கலியாணம் வேண்டாமாம். தொண்டைமானாற்றிலை விட்டிட்டுப் போவம்," என்றார் தாய்.

"அது உப்புத்தண்ணி அம்மா. குளத்து ஆமை செத்துப்போம்."

"நீ போனாப்பிறகு ஆர் உதுக்குச் சாப்பாடு போடுறது?"

"நான்தான். மீன் வெட்டிப் போட்டதும் நான், வெயில் காய விட்டதும் நான். என்னோடை வரும். வரக்கூடாதெண்டால் நானும் போகமாட்டன்."

தொண்டைமானாற்றில் பஸ் நின்றது. தாய் எழுந்தார். மகள் பேசினை இறுகப் பிடித்தபடி அசையவில்லை.

"இறங்கேல்லையோ?" என்றார் கொண்டக்டர்.

"இல்லை அண்ணை, பஸ்ஸை எடுங்கோ," என்றாள் மகள்.

தாய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பவும் சீற்றில் இருந்தார்.

"போனைத் தா. உங்கடை பொடியன் வேண்டாமெண்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு நானே சொல்லுறன்."