வெளிர்மஞ்சள் கண்ணாடி

வேலை முடிந்து எழுந்ததும் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிடுவது என் பழக்கம், வேதநாயகம் சார். லென்சில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுவேன். பல கல்லூரிக்காரர்கள் சேர்ந்து பயன்படுத்தும் மைக்ரோஸ்கோப், நாம் இருந்த அடையாளமே அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்று முதல் நாளே சொன்னீர்கள். எனக்கு அது சிரமமாக இல்லை. நான் இருந்த அடையாளம் எங்கேயும் தெரிவதில்லை.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்து, விடுதியில் தங்கி, தாமிரபரணிப் பாசிகளை ஆராய்கிறேன். என் அறையில் இருக்கும் நர்சம்மா நான் இருக்கும்போது தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கழிந்துவிடும். திங்கள் காலையில் பேச வாய் திறந்தால் குரல் கம்மியிருக்கும்.

மைக்ரோஸ்கோப்பின் பாதரச விளக்கை ஒருமுறை அணைத்தால் ஆறும்வரை மறுபடி ஏற்றக் கூடாது. அதனால் முடித்தவர் விளக்கை எரியவிட்டு, அடுத்தவர் வரும்வரை பக்கத்திலேயே காத்திருந்து ஒப்படைக்க வேண்டும் என்று நீங்கள்தான் வழக்கப்படுத்தினீர்கள். இந்த வருஷம் அந்த விளக்கு தேவைப்பட்டது எங்கள் இருவருக்கு மட்டும்தான்; எனக்கு அடுத்து சித்ரலேகா. கல்லிடைக்குறிச்சியிலிருந்து செங்கோட்டை ரயிலில் வருவாள். ரயில் தாமதமானால் நான் காத்திருப்பேன். எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

"ஏட்டி, ரயிலு சேரன்மாதேவியில படுத்துக்கிட்டு. விளக்கோட சேந்து நீயும் எரிஞ்சுக்கிட்டே இருந்தியா?" என்று கேட்டபடியே வருவாள். நான் சிரிப்பேன். "ஒன் வாயில இருந்து ஒரு சொல்லு வாரதைப் பாக்க இந்த மைக்ரோஸ்கோப்பு பத்தாதுட்டி" என்பாள். வாரம் முழுவதும் என்னிடம் வேறு யாரும் இப்படிப் பேசியதில்லை.

தை மாதம் ஒரு நாள், துடைக்கும்போது மைக்ரோஸ்கோப்பில் ஒளியை வடிகட்டும் கண்ணாடி கை தவறி உடைந்தது. காசு அளவுதான், வெளிர்மஞ்சள் நிறம். விளக்கிலிருந்து வரும் புற ஊதா ஒளி பார்ப்பவர் கண்ணுக்குள் போகாமல் தடுப்பது அது. எது உடைந்தாலும் உங்களிடமும் அடுத்து வருபவரிடமும் சொல்லாமல் போகக் கூடாது என்பது விதி. தூசி போகாமலிருக்க ஒரு சாதாரண வட்டக் கண்ணாடியை அந்த இடத்தில் செருகிவிட்டு, சொல்வதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

சித்ரலேகா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "ஆனியோட எனக்கு இங்கன சோலி முடிஞ்சிரும்ட்டி. ஆவணியில கல்யாணம், பொறவு பம்பாய். நீ இந்த விளக்குகிட்டதான் பேசிக்கிட்டுக் கெடக்கணும்."

அவ்வளவு சந்தோஷமாக வந்தவளிடம் கெட்ட செய்தி சொல்வது நன்றாக இருக்காது என்று தோன்றியது. அவள் உட்கார்ந்தாள். நான் நாற்காலியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

அலமாரியில் மாற்றுக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதை மறுநாளே எடுத்துவிட்டேன். பஞ்சு வைத்து, சாந்துப்பொட்டு டப்பாவில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மாசியில் அவளுக்குக் கண் சிவந்தது. "மண்ணை வாரிப் போட்ட மாதிரி உறுத்துதுட்டி" என்றாள். ரயிலில் சன்னல் பக்கம் உட்காராதே என்றேன். நான் அவளுக்குச் சொன்ன முதல் யோசனை அது. தட்டாமல் கேட்டுக்கொண்டாள்.

பொதிகை மலை மரம் ஒன்றின் பூவில் மகரந்தக் குழாய் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பங்குனியில் ஒரு நாள், "எனக்குக் கண்ணுல தண்ணியா வடியுது. நீ பாத்துச் சொல்லுதியாட்டி, நான் எழுதிக்கிடுதேன்" என்றாள். அன்று முதல் அருகருகே உட்கார்ந்தோம். நான் பார்த்துச் சொல்வேன், அவள் எழுதுவாள். என் வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை சார். ஞாயிறு கழிந்தும் குரல் கம்மவில்லை.

நடுவில் தானும் பார்க்க வேண்டும் என்பாள். "எனக்கு ஒரே வெளுப்பா இருக்கு, ஒனக்கு மட்டும் எப்பிடிட்டி பளிச்சுன்னு தெரியுது? ஒனக்கு நல்ல கண்ணுட்டி."

அவள் குழாயடிக்குக் கண் கழுவப் போகும்போது மாற்றுக் கண்ணாடியைச் செருகிக்கொள்வேன். அவள் பார்க்கிறேன் என்று சொல்லும்போது, ஒரு நிமிடம், குவியத்தைச் சரிசெய்து தருகிறேன் என்பேன். அப்போது அதை எடுத்துவிடுவேன். அவளைப் பார்க்கச் சொல்லி நான் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

வைகாசியில் கண் மருத்துவமனைக்கு நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். விழித்திரையின் நடுவில் புண் விழுந்து தழும்பாகிவிட்டது, இனி மாறாது என்றார் டாக்டர். எதை நேராகப் பார்த்தாலும் அதுவே மறைந்துபோகும். பையன் வீட்டார் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் திரும்பி, "ஒன் காது தெரியுது, மூஞ்சி தெரியலட்டி. ஒன் மூஞ்சி எனக்கு மறந்துரும் போல" என்றாள். அவள் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

நேற்று கருவியைப் பழுது பார்க்க வந்தவர் அந்த வட்டக் கண்ணாடியைக் கண்டுபிடித்தார். யார் செய்தது என்று எல்லோரையும் கேட்டீர்கள். நான்தான். உடைந்தது மட்டுமே தற்செயல். அதன் பிறகு எதுவும் தற்செயல் இல்லை. அந்த ஒளி கண்ணை என்ன செய்யும் என்று முதல் நாளே நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள். ஒவ்வொரு முறை அவள் குனிந்தபோதும் அது எனக்கு நினைவில் இருந்தது.

என்னை நீக்கிவிடுங்கள். போலீசில் சொல்வதானாலும் சொல்லுங்கள். ஆனால் திங்கள் முதல் வேறொரு பெண் சித்ரலேகாவுக்குப் பார்த்துச் சொல்வாள் என்றீர்களே, அது மட்டும் வேண்டாம் சார். அந்தப் பெண் அவசரக்காரி. மேலும் சித்ரலேகாவை ரயிலடியிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும், படி வந்தால் சொல்ல வேண்டும். இந்த நிலைமையில் அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.